அவன் நடிக்கவில்லை

குளத்தில் மூழ்கியவரை இழுத்தெடுத்து, நின்ற இதயத்தை மீண்டும் துடிக்கவைத்து, உயிர் தப்பிவிட்டது என்று ஊரே ஆறுதலடைந்த பிறகும் சிலருக்கு இன்னொரு துன்பம் காத்திருக்கிறது. ஒட்சிசன் இல்லாமல் தவித்த மூளை, நாட்களோ வாரங்களோ கழித்து உடலின் அசைவுகளைக் குழப்பத் தொடங்கும். வன்னியில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை செய்யும் எனக்கு, இவர்களுடைய வீட்டாரிடம் பேசுவதே சிகிச்சையில் பெரும் பகுதி.

"படுத்திருந்தால் ஒன்றுமில்லை மிஸ். தேநீரை எடுக்கச் சொன்னால்தான் கையை உதறுகிறான். நடிக்கிறானோ?" என்று ஓர் இளைஞனின் தாய் கேட்டார். அவர் கண்டதில் பிழையில்லை. இந்த நோயின் இயல்பே அதுதான். ஜேம்ஸ் லான்ஸ், ரேமண்ட் ஆடம்ஸ் என்ற நரம்பியல் வைத்தியர்கள் 1963இல் விவரித்ததால், லான்ஸ்-ஆடம்ஸ் சிண்ட்ரோம் என்கிறார்கள். ஓய்வில் தசைகள் அடங்கியிருக்கும். ஒன்றைச் செய்ய முனைந்ததும் வெட்டி இழுக்கும். வேலை நுணுக்கமாக நுணுக்கமாக இந்த இழுப்பும் கூடும். நிற்கும்போது தசை கணநேரம் தளர்ந்து, முழங்கால் மடிந்து விழுவதும் உண்டு. புத்தி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். 'நடிப்பு' என்ற சொல் அவனை எவ்வளவு சுட்டிருக்கும்!

எல்லோருக்கும் இதே வடிவம் வருவதில்லை. மூளையின் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகள் பாதிக்கப்பட்டால் கைகால் முறுக்கிக்கொள்ளும், அல்லது உடல் விறைத்து நடை மந்தமாகும். சிலருக்கு அது மாதங்கள் கழித்தே தலைகாட்டும்.

திடீர்ச் சத்தமும் பதற்றமும் இழுப்பைக் கூட்டும். "ஒழுங்காகப் பிடி" என்று அதட்டினால் கோப்பை கையில் நிற்காது. அந்த இளைஞனின் அம்மம்மா பழைய பித்தளை மூக்குப்பேணி ஒன்றை, குடிக்க மூக்கு வைத்த பாத்திரத்தை, தேடி எடுத்துத் தந்தார். மேசையில் முழங்கைகளை ஊன்றவைத்து, பாதிப் பேணிக்குத் தேநீர் ஊற்றி, இரு கைகளாலும் பிடிக்கச் சொன்னோம். பேணியின் கனம் கையைச் சற்று அடக்கியது. மூக்கு வழியே மெல்லச் சரித்தான். சட்டையில் சிந்தியது, ஆனாலும் அவனே குடித்தான். நான் எழுதிக்கொடுத்த பயிற்சிகள் எதையும்விட அந்தப் பேணிதான் அவனுக்குத் தெம்பைக் கொடுத்தது.

குளோனசெபாம், வல்புரோவேட், லெவெடிரசெட்டாம் போன்ற மருந்துகள் பலருக்கு இழுப்பைக் குறைக்கின்றன. ஆனால் குளோனசெபாமைத் திடீரென நிறுத்தக்கூடாது. இழுப்பு கூடும், வலிப்பும் வரலாம். உட்கிராமத்திலிருந்து ஏ9 வீதிக்கு வந்து, பஸ் மாறி யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போகும் கூலிக் குடும்பத்துக்கு ஒரு திகதி தவறுவது எளிது. போனால் அன்றைய கூலி இல்லை. அதனால் குளிசை முடிவதற்கு ஒரு வாரம் முந்திய திகதியைக் கிளினிக் கொப்பியின் மட்டையிலேயே சிவப்பு மையில் பெரிதாக எழுதிவிடுகிறேன். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லிவைக்கிறேன்.