பிரிட்ஜை மாற்றுவதற்கு முன் நெக்கைப் பாருங்கள்

பேஸ் கிட்டாரில் ஏதாவது ஒரு நோட் சீக்கிரம் செத்துப்போகிறது என்றால், "கனமான பிரிட்ஜ் ஒன்று வாங்கிப் போடு" என்பதுதான் முதலில் காதில் விழும் யோசனை. பாடியில், அதாவது கிட்டாரின் உடலில், கம்பிகளின் முனையைப் பிடித்து நிற்கும் உலோகத் தகடுதான் பிரிட்ஜ். புதுச்சேரியில் ஆராதனைக்கும் மேடைக்கும் வாசிக்கிற பிள்ளைகள் அதற்காக மாதக்கணக்கில் காசு சேர்க்கிறார்கள். மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

விரல் கம்பிக்குக் கொடுத்த சக்திக்கு மேல் ஒரு சொட்டும் எந்தப் பாகத்திலிருந்தும் வராது. அது எந்த வழியாகக் கசிகிறது என்று கண்டுபிடித்து அடைப்பதுதான் சஸ்டெயினுக்கான, அதாவது நோட் நீண்டு ஒலிப்பதற்கான வேலை. கசிவின் பெரிய வாய் பெரும்பாலும் நெக், அதாவது விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்து.

34 அங்குல ஸ்கேலில் (கம்பி அதிரும் நீளம்) 45-105 கம்பி செட்டை (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் 45 முதல் 105 பங்கு) சுருதி சேர்த்தால், நான்கு கம்பியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுவையைத் தாங்குவது ஒரு நீளமான மேப்பிள் கட்டை; அதன் நுனியில் சுருதி முறுக்கும் கனமான நான்கு டியூனிங் கீ. இப்படி ஒரு கட்டைக்குத் தனக்கென்று ஓர் அதிர்வெண் இருக்கும். வாசிக்கிற நோட் அதோடு ஒத்துப்போனால், கம்பியின் சக்தியை வாங்கி நெக் தானே ஆடத் தொடங்கிவிடும். நான்கு கீயும் ஒரே வரிசையில் இருக்கும் ஃபெண்டர் கம்பெனி மாதிரி பேஸ்களில் இது அநேகமாக மிக மெல்லிய ஜி கம்பியின் 5 முதல் 7-ஆம் ஃப்ரெட்டுக்குள் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃப்ரெட்) வரும். அதாவது 130.8 ஹெர்ட்ஸ் சி-யிலிருந்து 146.8 ஹெர்ட்ஸ் டி வரை.

சோதிக்கப் பத்து நிமிடம் போதும். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரெஸர் இருந்தால் அணைத்துவிடுங்கள். மற்ற மூன்று கம்பிகளையும் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, ஜி கம்பியில் 3-ஆம் ஃப்ரெட்டிலிருந்து 9 வரை ஒவ்வொன்றாக ஒரே அழுத்தத்தில் மீட்டி, சத்தம் அடங்கும் நேரத்தை ஃபோன் ஸ்டாப்வாட்சில் குறியுங்கள். ஒன்று மட்டும் பக்கத்து நோட்டுகளில் பாதி நேரத்துக்குள் அடங்கும். கவனித்துக் கேட்டால், அடிநாதம் முதலில் போய், ஒல்லியாக மேல் ஸ்தாயி மட்டும் மிஞ்சி நிற்பது தெரியும். இப்போது கிட்டாரின் தலை நுனியைக் கனமான மர அலமாரியில் அழுத்திச் சாய்த்து அதே நோட்டை மீட்டுங்கள். நோட் நீண்டால் காரணம் நெக். எந்த பிரிட்ஜும் அதைச் சரிசெய்யாது. நீளவில்லை என்றால் அந்த ஃப்ரெட் தூக்கியிருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

செலவு குறைந்த வைத்தியம், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 2 அங்குல ஜி கிளாம்ப். இரண்டு பக்கமும் தோல் துண்டு வைத்துத் தலையின் நுனியில் மாட்டுங்கள். எடை கூடும்போது நெக்கின் அதிர்வெண் இறங்கும்; செத்த இடம் ஒன்றிரண்டு ஃப்ரெட் நட் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டை) பக்கமாக நகரும். முழுக்க மறையாது. நீங்கள் அதிகம் தொடாத நோட்டுக்கு அதைத் தள்ளிவிடலாம், அவ்வளவுதான். எடை குறைந்த டியூனிங் கீ போட்டால் எதிர்த்திசையில் நகரும். கிளாம்ப் பிடிக்கவில்லையா, அதே நோட்டை டி கம்பியில் ஐந்து ஃப்ரெட் மேலே தள்ளி வாசியுங்கள். 10 முதல் 12-க்குள் கிடைத்துவிடும், குரலும் தடிப்பாக இருக்கும்.

அடுத்து நெக்கும் பாடியும் சேரும் இடம். கம்பிகள் சுருதியில் இருக்கும்போதே பின்பக்கத்து நான்கு திருகுகளையும் கால் சுற்று தளர்த்துங்கள். கம்பியின் இழுப்பே நெக்கைப் பாடியிலுள்ள பள்ளத்தில் உட்காரவைக்கும். சில சமயம் மெல்லிய 'டக்' கேட்கும். உடனே குறுக்கு மூலைகளாகக் கையால் இறுக்குங்கள், டிரில் மிஷின் வேண்டாம். இறுக்கியும் இடைவெளி தெரிந்தால், திருகு பாடியின் துளையிலும் மரை பிடிக்கிறது என்று அர்த்தம். பாடித் துளையில் திருகு தாராளமாக நுழைந்து, நெக் மரத்தில் மட்டும்தான் கடிக்க வேண்டும். 8-ஆம் நம்பர் திருகின் தடிமன் 4.2 மி.மீ.; பாடித் துளையை 4.5 மி.மீ. ஆக்கினால் தீர்ந்தது. பள்ளத்துக்குள் நெக்கைச் சாய்க்க மடித்து வைத்த விசிட்டிங் கார்டு இருந்தால் எடுத்துவிட்டு, பள்ளத்தின் முழு அளவுக்கும் சரிவாகச் சீவிய மரத்தகடு வையுங்கள்.

இனி பிரிட்ஜ். இங்கே கடலோரக் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் உப்புக்காற்று முதலில் கடிப்பது சாடிலின் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் தாங்கி) குட்டித் திருகுகளைத்தான். ஒரு சாடிலுக்கு அந்தத் திருகுகள்தான் இரண்டு கால். துரு ஏறி ஒரு கால் இறுகிப்போனால், மற்றதை மட்டும் திருகி உயரம் வைப்பார்கள். ஒரு கால் அந்தரத்தில் நிற்கும், கம்பி கரகரக்கும், சஸ்டெயினும் போகும். துரு நீக்கும் எண்ணெயை ஸ்ப்ரே அடிக்காமல் பல்குச்சி நுனியில் ஒரே ஒரு சொட்டு தொட்டு வைத்து, ஒரு ராத்திரி விட்டுவிட்டு, 1.5 மி.மீ. ஆலன் கீயால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். கழற்றிய திருகைக் கடைக்குக் கொண்டுபோய், அதே மரையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்கிப் போட்டால் அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பயமில்லை. பிரிட்ஜுக்கு அடியில் போகும் எர்த் ஒயர் முடிச்சாக இருந்தால் தகடு பாடியில் படியாது. இழைகளை விசிறிபோல் பரப்பி வையுங்கள். இவ்வளவும் சரியான பிறகு கனமான பிரிட்ஜ் தரும் வித்தியாசம் சின்னதுதான் என்பது என் முடிவு.

புதுக் கம்பி மாட்டும்போது, கீயைத் தாண்டி சுமார் 10 செ.மீ. விட்டு, முதலில் செங்குத்தாக மடக்கி, அப்புறம் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் உள்கம்பி வழுக்கி, பளபளப்பே இல்லாமல் மந்தமாக ஒலிக்கும். சுற்றுகள் இரண்டு மூன்று, மேலிருந்து கீழாக இறங்கட்டும். பிறகு நட்டுக்கும் சாடிலுக்கும் ஒட்டினாற்போலக் கம்பியைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்துங்கள்.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை மிக உயர்த்தினால் காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். நோட் அலைபாயும், சுருதி பிசகும். கடைசி ஃப்ரெட்டை அமுக்கிப் பார்க்கும்போது ஈ கம்பிக்குக் கீழே 3 மி.மீ., ஜி கம்பிக்குக் கீழே 2.5 மி.மீ. விட்டுத் தொடங்குங்கள். பாடி ஆல்டர் மரமா ஆஷ் மரமா, ஃபிங்கர்போர்டு நம் ஈட்டி மரமா என்பதெல்லாம் இதற்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எல்லாப் பாட்டுக்கும் சஸ்டெயின் வேண்டும் என்பதும் இல்லை. 1951-இல் வந்த ஃபெண்டரின் ப்ரிசிஷன் பேஸின் பிரிட்ஜ் மூடிக்குள்ளேயே கம்பியை அமுக்க நுரைப்பஞ்சு வைத்திருந்தார்கள். குத்துப் பாட்டுக்கு வாசிக்கும்போது நோட் நீண்டால் தவிலும் பேஸும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை 2 செ.மீ. அகலத்தில் வெட்டி, பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில், தொட்டும் தொடாமலும் செருகுங்கள். அடுத்த பாட்டு மெதுவானது என்றால் உருவிவிடலாம்.