ரீஃபண்ட் வரும் பின்னே, மோசடி வரும் முன்னே

வங்கி வட்டியில் முன்கூட்டியே பிடித்த வரியை, அதாவது டிடிஎஸ்ஸை, திரும்ப வாங்கத்தான் அப்பா வருடா வருடம் வருமான வரி ரிட்டர்ன் போடுகிறார். பென்ஷன், கொஞ்சம் ஃபிக்ஸட் டெபாசிட், அவ்வளவுதான் வருமானம். கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. இந்த முறை ஆதார் ஓடிபி போட்டு ரிட்டர்னை உறுதிசெய்யும் இ-வெரிஃபையை முடித்த சில நாளிலேயே அவர் செல்லுக்கு ஒரு மெசேஜ்: 15,490 ரூபாய் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டுவிட்டது, உங்கள் கணக்கு எண் 6755 என்று முடிகிறது, தவறென்றால் கீழே உள்ள லிங்கில் திருத்திக்கொள்ளவும்.

"ஏம்மா, நம்பரைத் தப்பாப் போட்டிருக்கான். மாத்தலைன்னா பணம் வேற எவனுக்காவது போயிடுமே!"

தூண்டிலே அந்தத் தப்பான நம்பர்தான். பரிசு விழுந்திருக்கிறது என்று வந்தால் அப்பா சீண்டவே மாட்டார். ஆனால் வாழ்நாளெல்லாம் சிவப்பு மையோடு விடைத்தாள் திருத்திய வாத்தியார், ஒரு பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரா? ரிட்டர்ன் போட்டுவிட்டு எல்லோரும் பணத்துக்குக் காத்திருக்கும் நேரமாகப் பார்த்து அனுப்புகிறார்கள். இதே தொகை, இதே கணக்கு எண்ணோடு சுற்றிய செய்தி போலி என்று மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபி 2023-லேயே அறிவித்தது. இன்னும் அதை மாற்றக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை!

லிங்கைத் தொடாமல், பிரவுசரில் வருமான வரித் துறையின் incometax.gov.in என்ற முகவரியை நானே டைப் செய்து உள்ளே போனேன். ரிட்டர்ன் இன்னும் பரிசீலனையில்தான் இருந்தது. ரீஃபண்ட் என்ற பேச்சே இல்லை. அப்புறம் அப்பாவுக்கு வங்கிக் கணக்குப் பக்கத்தைக் காட்டினேன். முன்கூட்டியே சரிபார்த்து, ரீஃபண்டுக்கென்று நாம் குறித்து வைத்த கணக்குக்குத்தான் பணம் வரும். அதை மாற்றுவதும் லாகின் செய்து அங்கேதான். அவருடைய சரியான எண்ணைத் திரையில் பார்த்த பிறகுதான் முகம் தெளிந்தது.

நடுவில் ஒருவன் போன் செய்து வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல், அதாவது செல்லில் ஆப்பை ஏற்றும் ஃபைல், அனுப்பினான். அது நேராகக் குப்பைக்கு.

நிஜமான சிக்கல், உண்மையான மெயில் வந்தபோதுதான். ரிட்டர்னைப் பரிசீலித்த பிறகு துறை அனுப்பும் 143(1) அறிவிப்பு, பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப். "இதுவும் அவனுங்கதான், அழிச்சிடு" என்றார் அப்பா. பாஸ்வேர்டு, பான் எண் சின்ன எழுத்தில், கூடவே பிறந்த தேதி. திறந்தால் டின் என்கிற ஆவண எண் இருந்தது. போர்ட்டல் முகப்பில் நோட்டீஸைச் சரிபார்க்க ஒரு வசதி இருக்கிறது, லாகின்கூட வேண்டாம். டின்னையும் செல் நம்பரையும் கொடுத்தால் ஓடிபி வரும், துறை அனுப்பியதுதானா என்று சொல்லிவிடும். துறை அனுப்பியதுதான். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது என்பது என் வருத்தம்.

அன்றைக்கே போர்ட்டலில் இ-ஃபைலிங் வால்ட் என்கிற கூடுதல் பூட்டையும் போட்டுவிட்டேன். இனி பாஸ்வேர்டு மட்டும் தெரிந்தால் போதாது, அப்பாவின் ஆதார் ஓடிபியும் வேண்டும். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, நான் போனில் கேட்டால்கூட, என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ரீஃபண்ட் வந்துவிட்டது. போலி மெசேஜை தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு பகுதியில் புகாராகப் பதிந்தோம். பணம் எதுவும் போகாதவர்களுக்கு அந்த இடம். போயிருந்தால் கொஞ்சமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.