நிலவின் காந்தத்தை வரைபடமாக்க எந்தத் தரவை விட்டுவிட வேண்டும்?

பூமிக்கு இருப்பதுபோல் ஒட்டுமொத்தக் காந்தப்புலம் நிலவுக்கு இன்று இல்லை. 1959-ல் சோவியத் விண்கலம் லூனா 2 கொண்டுபோன காந்தமானிக்கே அப்படி எதுவும் அகப்படவில்லை. மேலோட்டுப் பாறைகளில் உறைந்துபோன பழைய காந்தம் மட்டும் திட்டுத்திட்டாக மிஞ்சியிருக்கிறது. பூமியின் தரையில் 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் சிறு அலகு) வரை புலம் உண்டு. நிலவுக்கு மேலே 30 கி.மீ. உயரத்தில் பெரும்பாலான இடங்களில் சில நானோடெஸ்லாவே தேறும். சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்று சுமந்துவரும் புலமோ 5 முதல் 10 நானோடெஸ்லா. நாம் தேடுவதைவிடப் பின்னணி பெரியது; அதுவும் நொடிக்கு நொடி மாறுவது. இந்த வேலையின் சிரமம் முழுக்க அங்கேதான்.

முதல் தொல்லை, நிலவைச் சுற்றிவந்து அளக்கும் விண்கலத்திடமிருந்தே வரும். கலத்தின் காந்தத் திருப்புத்திறன் (அது எவ்வளவு வலுவான காந்தம் என்பதன் அளவு) 1 ஆம்பியர்-சதுரமீட்டர் என்று கொண்டால், 2 மீட்டர் தொலைவில் அது அதிகபட்சம் 25 நானோடெஸ்லாவைக் கூட்டும். 12 மீட்டரில் 0.12 மட்டுமே. தொலைவின் மும்மடிப்பெருக்கத்துக்கு ஏற்பக் குறைவதால்தான் ஜப்பானின் ககுயா கலம் காந்தமானியை 12 மீட்டர் நீளத் தண்டின் நுனியில் வைத்தது. தண்டு நீண்டால் அதன் திசையைத் துல்லியமாக அறிவது கடினம். 10 நானோடெஸ்லா புலத்தில் 1 டிகிரி பிசகினால் 0.17 நானோடெஸ்லா பிழை.

காந்தமானியில் உள்ள ஃப்ளக்ஸ்கேட் உணரியின் சுழியம், அதாவது புலமே இல்லாதபோது அது காட்டும் மதிப்பு, வெப்பநிலையோடு நகரும். கலம் நிழலுக்குள் போய்வரும்போதெல்லாம் இதைக் கவனிக்க வேண்டும். நாசாவின் லூனார் பிராஸ்பெக்டர் கலம் நிமிடத்துக்கு 12 முறை சுழன்றது. சுழல்தளத்தில் இருக்கும் இரண்டு அச்சுகளின் சுழியப்பிழை அந்தச் சுழற்சி அலையாகவே தரவில் தெரிந்துவிடும், கழித்துவிடலாம். சுழலச்சு வழியான மூன்றாவதற்கு வேறு உபாயம்: சூரியக் காற்றில் புலத்தின் திசை திரும்பிக்கொண்டே இருந்தாலும் அதன் மொத்த அளவு ஏறக்குறைய மாறாத நேரங்கள் உண்டு. அந்த அளவை அதிகம் ஆடாமல் வைத்திருக்கும் சுழிய மதிப்பே சரியான மதிப்பு.

அடுத்தது உயரம். ஒரு திட்டின் அலைநீளம் (புலம் ஏறி இறங்கி மீண்டும் ஏறும் தொலைவு) 100 கி.மீ. என்றால், 100 கி.மீ. உயரத்தில் தரைப்புலத்தில் 0.2 சதவீதமே எட்டும், 30 கி.மீ.யில் 15 சதவீதம். லூனார் பிராஸ்பெக்டரை 1999-ல் 30 கி.மீ. அளவுக்கு இறக்கியதன் பயன் இதுதான். 100 கி.மீ. உயரத் துருவப் பாதையில் ஒரு சுற்றுக்கு 118 நிமிடம். அதற்குள் நிலவு கீழே ஒரு டிகிரிக்குச் சற்று மேல் திரும்பிவிடுவதால், நிலநடுக்கோட்டில் அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே 33 கி.மீ. இடைவெளி.

இனி வடிகட்டல். நம்பத்தக்க நேரங்கள் இரண்டே: சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும் பூமியின் காந்த வாலுக்குள் நிலவு இருக்கும் முழுநிலவை ஒட்டிய சில நாட்கள், சூரியக் காற்றை நிலவே மறைக்கும் இரவுப்பக்கம். வாலுக்குள்ளும் நடுவிலுள்ள பிளாஸ்மா தாள் என்ற சூடான மின்துகள் அடுக்கு கொந்தளிக்கும், அதை விட்டுவிட வேண்டும். பகல்பக்கத் தரவில் சூரியக் காற்று திட்டுகளின் புலத்தையே அழுத்தி உருமாற்றிவிடுகிறது. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அதைச் சேர்க்கக் கூடாது.

மிஞ்சிய துண்டுகளில் மெதுவாக மாறும் பின்னணியைக் கழிக்கிறோம். கை நடுங்க வேண்டிய இடம் இது. குறுகிய துண்டில் வளைந்த கோட்டைப் பொருத்தினால் நிலவின் மறுபக்கத்து மாபெரும் பள்ளமான தென்துருவ-எய்ட்கன் படுகையின் வடவிளிம்பில் நூற்றுக்கணக்கான கி.மீ. பரந்த திட்டுகள் பின்னணியோடு சேர்ந்து போய்விடும். பத்து நிமிடத் துண்டு என்றால் கலம் கடப்பது சுமார் 1000 கி.மீ. அதைவிடச் சிறிய துண்டை நான் நம்பமாட்டேன். பிறகு பக்கத்துத் தடத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டு மணிநேரம் கழித்தும் அதே இடத்தில் அதே மேடு தெரிந்தால் அது பாறையின் காந்தம். ஒரே தடத்தில் மட்டும் தெரிந்தால் வெளியிலிருந்து வந்தது.

கடைசியாக, பல உயரங்களில் எடுத்ததைத் தரைமட்டத்துக்கு இறக்குகிறோம். மேலே போகும்போது தேய்ந்ததை இங்கே பெருக்குவதால் இரைச்சலும் அதே அளவு பெருகும். 100 கி.மீ. உயரத் தரவில் 100 கி.மீ. அலைநீளத்தை மீட்க 500 மடங்குக்கு மேல் பெருக்க வேண்டும்; ஆகவே சிறு அலைநீளங்களை அடக்கிவைக்கும் கட்டுப்பாடு இல்லாமல் இதைச் செய்யவே முடியாது.

எலக்ட்ரான் பிரதிபலிப்பு முறை இதற்கு நல்ல துணை. புலக்கோட்டில் சுழன்று இறங்கும் எலக்ட்ரான்களில் சில, தரையருகே புலம் வலுத்தால் திரும்பிவிடும். மற்றவை தரையில் மோதி மறையும். எந்தச் சாய்கோணத்தில் (புலக்கோட்டுக்கும் எலக்ட்ரான் நகரும் திசைக்கும் இடையிலான கோணம்) அவை மறையத் தொடங்குகின்றன என்று பார்த்தால், அக்கோணத்தின் சைன் வர்க்கம் கலத்திடத்துப் புலத்துக்கும் தரைப்புலத்துக்கும் உள்ள விகிதம். திசை கிடைக்காது, அளவு மட்டும் கிடைக்கும். இரவில் தரை எதிர்மின்னூட்டம் ஏறி எலக்ட்ரான்களைத் தானே விரட்டும் என்பதால், பல ஆற்றல்களில் அளந்து அந்தப் பங்கைப் பிரிக்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் தரையின் நுண்விவரம் வராது. அப்பல்லோ 14 வீரர்கள் ஒரு கி.மீ. சொச்சம் இடைவெளியில் அளந்த இரண்டு இடங்களில் ஒன்றில் 103 நானோடெஸ்லா, மற்றதில் 43. முப்பது கி.மீ. உயரத்தில் பறக்கும் காந்தமானிக்கு அவை இரண்டும் ஒரே புள்ளி.