உதவிப் பயிற்சியாளர்: கல்லூரிகளில் இல்லாத ஒரு பணியிடம்

குமரி மாவட்டத்தில் தூத்தூர் முதல் நீரோடி வரையுள்ள கடலோரத்தில் பந்து உதைக்கத் தெரியாத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரவிபுத்தன்துறையிலிருந்து புறப்பட்டுச் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் கால்பந்து அணிகளுக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜைப் போல் ஆக வேண்டும் என்று சொல்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பயிற்சியாளர் ஆக வேண்டும் என்பவர்கள் அரிது. அண்மையில் அப்படியும் சிலர் வந்து வழி கேட்கத் தொடங்கியிருப்பதால், கல்லூரி அணி ஒன்றில் உதவிப் பயிற்சியாளராக இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நம் அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென்று இருப்பது உடற்கல்வி இயக்குநர் பதவிதான். மாணவர்கள் 'பி.டி. சார்' என்று அழைக்கும் அந்த ஒருவரே கபடி, கைப்பந்து, தடகளம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருப்பதால், நன்றாக ஆடிய பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டுக் கால்பந்தை அவன் பொறுப்பில் விடுகிறார். அவனுக்குப் பெயர் உதவிப் பயிற்சியாளர். நான் தொடங்கிய இடத்தில் போட்டிக்காலத்துக்கு மட்டும் ஒரு தொகை கொடுத்தார்கள், அதுவும் நினைவூட்டினால். அமெரிக்கக் கல்லூரிகளில், அவர்கள் ஆடும் ஃபுட்பால் வேறு என்றாலும், பட்டதாரி உதவியாளர் என்ற நிலையில் தொடங்கிப் படிப்படியாகத் தலைமைப் பயிற்சியாளர் வரை செல்ல வரையறுத்த வழி உண்டு. ஏழு முறை தேசியப் பட்டம் வென்ற நிக் சேபன் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் தொடங்கினார். இங்கே அந்த ஏணியை நாமே கட்டிக்கொள்ள வேண்டும், அதுவும் இரண்டாக.

ஒன்று படிப்பு. உடற்கல்விப் பட்டங்களான பி.பி.எட்., எம்.பி.எட். முடித்து, கல்லூரிப் பணிக்கான தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட்டிலோ முனைவர் பட்டத்திலோ தேறினால் உடற்கல்வி இயக்குநர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி உடற்தகுதித் தேர்வும் உண்டு. முப்பது வயது வரையுள்ள ஆண்கள் 12 நிமிடங்களில் 1800 மீட்டர் கடக்க வேண்டும். கடல் மணலில் ஓடி வளர்ந்தவனுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. நெட் தாளில்தான் நம்மவர்கள் விழுகிறார்கள்.

மற்றொன்று பயிற்சியாளர் உரிமம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி, சி உரிமங்கள், அவற்றுக்கு மேல் ஆசியக் கூட்டமைப்பின் பி, ஏ, புரோ. படிப்பு மாதச் சம்பளத்துக்கு வழிகாட்டும்; தொழில்முறை அணிகளின் கதவைத் திறப்பது உரிமம்தான். இரண்டில் ஒன்று போதும் என்பவர்களை நான் நம்புவதில்லை. எம்.பி.எட். மட்டும் வைத்திருப்பவருக்கு ஆட்டத்தைப் படிக்கத் தெரியாமல் போகிறது. உரிமம் மட்டும் வைத்திருப்பவர் திருமண வயதில் வளைகுடாவுக்கோ ஆழ்கடல் விசைப்படகுக்கோ போய்விடுகிறார்.

இவ்விரண்டுக்கும் நடுவில், அன்றாட வேலைதான் ஒருவனைப் பயிற்சியாளராக்குகிறது. பந்துக்குக் காற்றடிப்பது, கோன் வைப்பது, கணுக்காலுக்கு டேப் சுற்றுவது ஆகியவை ஒரு வாரத்தில் பழகிவிடும். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு அணி புறப்படும்போது ஒவ்வொருவரின் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் எடுத்து, ஜூலை முதல் தேதியன்று வயது வரம்புக்குள் இருக்கிறானா என்று பார்ப்பது அதைவிடப் பெரிய பொறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்கக் கற்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் பந்து இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பந்து இல்லாத பக்கத்து விங் பேக், அதாவது ஓரத்தில் ஆடும் தடுப்பாட்டக்காரன், எங்கே நிற்கிறான், நடுவில் தடுக்கும் ஸ்டாப்பருக்கும் அவனுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று உதவியாளர் பார்க்க வேண்டும். கண்டதையெல்லாம் கத்திச் சொல்லவும் கூடாது. "மக்கா, பந்த வாங்குறதுக்கு முன்ன ஒருக்கா தோளத் திருப்பிப் பாருடே" என்று ஒரே ஒரு சொல்லை ஆட்டம் நின்ற நேரத்தில் சொன்னால் அவன் மனதில் நிற்கும். பத்துத் திருத்தங்களை ஒன்றாகக் கொட்டினால் அடுத்த பந்தையும் தவறவிடுவான்.

உதவியாளராக இருப்பது ஒரு தேக்கம் என்று நினைப்பவர்களுக்குக் காலித் ஜமீலைச் சொல்வேன். 2017-இல் ஐஸ்வால் அணியை ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துத் தொடரில் சாம்பியனாக்கியவர், பின்னர் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டில் வெளிநாட்டுப் பயிற்சியாளருக்குக் கீழே உதவியாளராக அமர்ந்தார். 2021 ஜனவரியில் இடைக்காலப் பொறுப்பு கைக்கு வந்தபோது அணியை பிளே-ஆஃப் வரை கொண்டு சென்றார். அதே ஆண்டில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அணியொன்றின் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியர் என்ற பெயரும் பெற்றார். 2025-இல் இந்திய அணியே அவர் கையில் வந்தது.

நம் பையன்களுக்கு நான் சொல்வது, டி உரிமத்தைக் கல்லூரியில் படிக்கும்போதே எடுத்துவிடுங்கள் என்பதுதான். ஆட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேசவும், ஒரு பயிற்சித் திட்டத்தைத் தாளில் வரைந்து எழுதவும் இப்போதே பழகுங்கள். மைதானத்தில் புலியாக இருப்பவர்கள் அந்தத் தாளின் முன் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஜூன், ஜூலையில் நம் பக்கம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்பாவும் அண்ணனும் வீட்டிலிருப்பார்கள். பயிற்சி வகுப்புக்கான கட்டணத்தைப் பற்றி அவர்களிடம் பேச வேண்டுமென்றால், தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே, கையிருப்பு கரைவதற்கு முன், பேசிவிடுவது நல்லது.