யாருக்கான இலக்கு?

ஆட்டிசம் உள்ளவர்களுக்கான ஆதரவுப் பணியைத் தனியாகத் தொடங்கியபோது நான் முதலில் செய்தது, தொலைபேசியில் அழைத்துத்தான் நேரம் பெற வேண்டும் என்ற வழக்கத்தைக் கைவிட்டதுதான். உதவி தேவைப்படுகிறவர்களில் பலர் ஓர் எண்ணை வாரக்கணக்கில் வைத்துக்கொண்டு, அழைக்க முடியாமலேயே இருந்துவிடுகிறார்கள். மறுமுனையில் யார் எடுப்பார், என்ன கேட்பார், பேச்சு எப்போது முடியும் என்று எதுவுமே தெரியாத உரையாடல் அது. நுழைவாயிலே ஏற முடியாத உயரத்தில் இருந்தால் உள்ளே எத்தனை கனிவு இருந்து என்ன பயன்? அதனால் எங்களிடம் எழுத்து மூலமாகவே நேரம் பெறலாம். அறையின் படங்கள், நான் கேட்கப்போகும் கேள்விகள், சந்திப்பு நீடிக்கும் நேரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன். வந்த பிறகும் பேசித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தட்டச்சு செய்து காட்டலாம், வரையலாம், நடந்துகொண்டே இருக்கலாம்.

எனக்கு ஆட்டிசம் இருப்பது 40 வயதைத் தாண்டிய பிறகுதான் உறுதியானது. அதற்குள் உளவியல் ஆலோசகராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்திருந்தேன். 'இத்துறையில் இருந்துகொண்டே இது தெரியாமல் போனது எப்படி?' என்று கேட்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980-இல் ஆட்டிசத்தை முதன்முறையாகத் தனி நிலையாகச் சேர்த்தது. 'குழந்தைப்பருவ ஆட்டிசம்' என்று பெயரிட்டு, 30 மாத வயதுக்குள் அது தென்பட்டிருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. சரளமாகப் பேசி, நன்றாகப் படித்து, இடைவேளையில் ஓரமாக நின்றுகொண்டிருந்த ஒரு பெண் குழந்தைக்கு அந்த வரையறையில் இடமே இல்லை. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதை அளவுகோலில் சேர்த்தது. கற்றுக்கொண்ட உத்திகளால் அறிகுறிகள் பிற்காலத்தில் மறைந்திருக்கலாம் என்பதையும் எழுதிவைத்தது. ஆட்டிசமும், கவனம் நிலைக்காமையும் மிகைத் துடிப்பும் கொண்ட ஏடிஎச்டியும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கலாம் என்று ஏற்றதும் அதே பதிப்பு. அப்படி விடுபட்டுப்போன தலைமுறைதான் இப்போது என்னிடம் வருகிறது. பதற்றம், மனச்சோர்வு, ஆளுமைக் கோளாறு என்று வெவ்வேறு காலங்களில் எழுதப்பட்ட பெயர்கள் அவர்களுடைய கோப்புகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு மையத்தில் இலக்குகளைக் குறிக்கும் படிவம் ஒன்று உண்டு. கண்ணைப் பார்த்துப் பேசுதல், கை அசைவைக் குறைத்தல், இடத்தை விட்டு எழாமல் உட்கார்தல் என்று அதில் வரிசையாக இருக்கும். கண்ணைப் பார்ப்பதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு என் உடலிலிருந்தே தெரியும். எதிரில் இருப்பவரின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் சொல்வது எனக்குள் இறங்காது. சொல்வது புரிய வேண்டுமானால் பார்வையை வேறு எங்காவது வைக்க வேண்டும். 'கவனிக்கிறார்' என்று மதிப்பெண் போடப்படும் நேரத்தில் அந்தக் குழந்தை எதையும் கேட்காமல் இருக்கக்கூடும். ஆகவே என் படிவத்தில் ஒவ்வோர் இலக்கின் எதிரிலும் ஒரு கேள்வியை வைத்திருக்கிறேன்: இது நிறைவேறினால் யாருக்கு நிம்மதி? பதில் 'பார்ப்பவர்களுக்கு' என்று வந்தால் அந்த இலக்கை நான் எடுத்துக்கொள்வதில்லை. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

பதின்வயது மகனோடு ஓர் அம்மா வந்தார். அவன் வாயால் பேசுவதில்லை. டேப்லெட்டில் படங்களையும் சொற்களையும் தொட்டுத் தன் கருத்தைச் சொல்வான்.

"இவன் கையை உதறுவதை மட்டும் நிறுத்திவிட்டால் போதும்" என்றார்.

"அதனால் அவனுக்கு ஏதாவது துன்பம் இருக்கிறதா?"

சிறிது நேரம் யோசித்தார். "அவனுக்கு இல்லை. வெளியே போனால் எல்லாரும் பார்க்கிறார்கள். என்னால்தான் தாங்க முடியவில்லை."

இப்படிச் சொல்ல மிகுந்த நேர்மை வேண்டும். அவருடைய களைப்பு உண்மையானது. அதற்கும் ஆதரவு தேவை, ஆனால் மகனின் கைகளைக் கட்டிப்போட்டு அந்தக் களைப்பைத் தீர்க்க முடியாது. வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். வெறித்துப் பார்ப்பவர்களிடம் அவர் சொல்வதற்கு ஒரு சிறிய வாக்கியத்தை அவரே எழுதினார். டேப்லெட்டின் முதல் திரையிலேயே 'போதும், வெளியே போகலாம்' என்பதை வைத்தோம். அதைத் தொட்டால் உண்மையாகவே வெளியே அழைத்துப் போக வேண்டும், பேரம் பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். ஒருவரின் மறுப்பு மதிக்கப்படும் என்று அவருக்கு உறுதியாகத் தெரியாதவரை எந்தக் கருவியும் அவருக்குக் குரல் ஆகாது. கையை உதறுவது வேறு, தலையை மோதிக்கொள்வது வேறு. இரண்டாவது வகை எனில் நான் முதலில் கேட்பது, பல்வலி, காதுவலி, வயிற்றுக் கோளாறு எல்லாம் பார்த்துவிட்டீர்களா என்றுதான். வலிப்பு நோயும் தூக்கக் குறைவும் ஆட்டிசம் உள்ளவர்களிடம் கூடுதலாகவே காணப்படுகின்றன. நரம்பியல் பன்மையை, அதாவது மனித மூளைகள் பல விதமாக இயங்குவது இயல்பே என்பதை, ஏற்பது என்றால் துன்பத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்வது ஏற்பே அல்ல.

வளர்ந்தவர்களிடம் வேலை வேறு விதமாக இருக்கிறது. அலுவலகத்தில் இயல்பாக அரட்டை அடிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டு ஒருவர் வந்தார். அரட்டை எதற்கு என்று விசாரித்தபோது, மாலையில் வீடு திரும்பியதும் ஒரு சொல்கூடப் பேச முடியாமல் படுத்துவிடுகிறேன் என்றார். இரைச்சலான பொதுக்கூடத்தில் இருக்கை, முன்னறிவிப்பில்லாத கூட்டங்கள், வாய்மொழியாக மட்டும் வந்து சேரும் கட்டளைகள். இத்தனைக்கும் மேலே, நாள் முழுவதும் தன் ஆட்டிச இயல்புகளை மறைத்துக்கொண்டு சிரித்தாக வேண்டும். அரட்டைப் பயிற்சியை எடுத்திருந்தால் அந்தச் சுமையில் இன்னொன்றை ஏற்றியிருப்போம். மேலாளருக்கு இருவரும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். சுவரோர இருக்கை, கூட்டத்தின் பொருள் முந்தைய நாளே எழுத்தில், திடீர் அழைப்புக்குப் பதில் ஒரு செய்தி. இவை மூன்றுதான் கேட்டது.

இந்தக் களைப்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். நீண்ட காலம் தன்னை மறைத்து வாழ்ந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் முழு ஆற்றலும் வற்றிப்போகிறது. முன்பு செய்ய முடிந்த சமையல், பயணம், பேச்சு ஆகியவையும் கைவிட்டுப்போகின்றன. தாங்கிக்கொண்டிருந்த ஒலியும் ஒளியும் தாங்க முடியாதவை ஆகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் மனச்சோர்வு போலவே இருக்கும், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஆனால் மனச்சோர்வுக்கு வழக்கமாகச் சொல்லும் 'வெளியே போங்கள், நாலு பேரோடு பழகுங்கள்' என்ற அறிவுரை இங்கே நிலைமையை மோசமாக்கக்கூடும். இவர்களுக்கு முதலில் தேவை கடமைகளைக் குறைப்பதும், மறைக்கத் தேவையில்லாத நேரமும்தான். தற்கொலை எண்ணத்தை நான் எல்லாரிடமும் நேரடியாகவே கேட்கிறேன். ஆட்டிசம் உள்ளவர்களிடம் அந்த ஆபத்து கூடுதல் என்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டியிருக்கின்றன. பாதுகாப்புத் திட்டத்தை எழுத்தில் கொடுக்கிறேன், ஏனெனில் நெருக்கடியில் பலருக்குப் பேச்சு வராது. மருந்தோ அவசர உதவியோ தேவையென்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புவதில் தாமதம் செய்வதில்லை.

ஆலோசகர்கள் அதிகம் கேட்கும் 'அப்போது என்ன உணர்ந்தீர்கள்?' என்ற கேள்வியை ஏறக்குறைய விட்டுவிட்டேன். உணர்ச்சியை அடையாளம் கண்டு பெயரிடுவது இவர்களில் பலருக்குக் கடினம். பசியையும் தாகத்தையும்கூடத் தாமதமாக உணர்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மௌனம் வந்தால் 'ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பு எழுதப்படுகிறது. அதற்குப் பதிலாக, அன்று எப்போது சாப்பிட்டீர்கள், தோள் இறுகியிருந்ததா, அறையை விட்டுப் போக வேண்டும் என்று எந்த நொடியில் தோன்றியது என்று கேட்கிறேன். பதில் அடுத்த வாரம் வந்தாலும் பரவாயில்லை.

டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012-இல் இரட்டைப் பரிவுச் சிக்கல் என்ற கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே புரிதல் முறிந்தால், அந்த முறிவுக்கு இரண்டு பக்கமும் காரணம் என்பது அதன் சாரம். என் பணிக்கு இதைவிடப் பயனுள்ள ஒரு கருத்தை நான் படித்ததில்லை. அதே கருத்து எனக்கும் ஓர் எச்சரிக்கை. நானும் ஆட்டிசம் உள்ளவர் என்பதாலேயே எல்லாரையும் உள்ளிருந்து புரிந்துகொள்வேன் என்று பொருளில்லை. குழல் விளக்கின் ஒளி எனக்குத் தலைவலி தரும், இன்னொருவர் ஒளியையும் உரத்த இசையையும் நாடிப் போவார். என் நிலையைத் தகவல் தாளில் ஒரு வரியில் குறிப்பிட்டிருக்கிறேன். சந்திப்பின்போது என் கதையைச் சொல்வதில்லை. அந்த நேரம் வந்தவருடையது. சந்திப்புகளுக்கு நடுவே விளக்கை அணைத்துவிட்டு நான் தனியாக இருக்கும் இடைவெளியை எவருக்காகவும் சுருக்குவதில்லை. வருமானம் குறைகிறது, ஆனால் அதுவன்றி இந்தப் பணி நீடிக்காது.

இப்போது, தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களுக்கு எழுத்து வழியிலான ஒரு குழுவை அமைத்துக்கொண்டிருக்கிறோம். பதில் எழுத நேர வரம்பு இல்லை, படித்துவிட்டு மௌனமாக இருப்பதும் பங்கேற்புதான். விதிகளைச் சேரப்போகிறவர்களே எழுதுகிறார்கள். ஒருவர் எத்தனை நாள் எழுதாமல் இருந்தால் நலம் விசாரிக்க வேண்டும் என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. ஒவ்வொருவரும் சேரும்போதே தமக்கான நாள் எண்ணிக்கையைச் சொல்லிவிடட்டும் என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார், அதைச் சோதித்துப் பார்க்கப்போகிறோம்.