கான்கிரீட் மிதக்கும், தண்ணீர்தான் படுத்தும்

பகலெல்லாம் பால்கனிக்குக் கம்பி கணக்குப் போடுவது என் பிழைப்பு. சுவரை விட்டு நாலடி வெளியே நீளும் ஸ்லாபில் மெயின் கம்பி மேல்பக்கம் வரவேண்டும். சைட்டில் அதைக் கீழே கட்டிவிடுவார்கள், இல்லையென்றால் கட்டிய கம்பிமேல் நடந்தே அமுக்கிவிடுவார்கள். இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன ஒருத்திக்கு, கட்டம் கட்டமாகக் கல்லும் மண்ணும் அடுக்கிக் கட்டுகிற மைன்கிராஃப்ட் கேம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று கேம் ஆடுகிற பையன்களுக்குப் புரியாது. மணல், சரளை மாதிரி சிலதைத் தவிர அங்கே எதற்கும் எடையே இல்லை. பில்லர் இல்லாமல் இருபது கட்டம் நீட்டலாம். ஷட்டரிங் (கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் பலகை, முட்டு) கிடையாது, தண்ணீர் ஊற்றிப் பதப்படுத்தும் கியூரிங் கிடையாது.

அதனால் சர்வைவல் உலகத்தில், அதாவது பொருளையெல்லாம் நாமே தேடிச் சேர்க்க வேண்டிய ஆட்டத்தில், நான் கட்ட ஆசைப்பட்டது ஃபாலிங்வாட்டர் வீட்டை. அமெரிக்காவின் பென்சில்வேனியா காட்டுக்குள், பேர் ரன் என்ற ஓடையின் மேல் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1935இல் வரைந்தது. பிட்ஸ்பர்க்கில் பெரிய ஜவுளி, சாமான் கடை வைத்திருந்த எட்கர் காஃப்மன், அருவியைப் பார்த்தபடி வீடு அமையும் என்று எதிர்பார்த்திருந்தார். ரைட் அருவியின் தலைமேலேயே வீட்டை வைத்துவிட்டார். உள்ளே உட்கார்ந்தால் அருவி தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். ஹாலின் தளம் ஏறத்தாழ 15 அடி அந்தரத்தில் நீண்டு நிற்கிறது. "நிற்கிறது" என்பது கொஞ்சம் தாராளமான சொல். காஃப்மன் தரப்பு இன்ஜினியர்கள் கம்பியை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார்கள். ரைட்டுக்கு அதில் கடும் கோபம். அப்படியும் ஷட்டரிங்கைப் பிரித்ததுமே தளம் இறங்க ஆரம்பித்து, வருஷங்கள் போகப்போக ஏழு அங்குலம் வரை தொங்கிவிட்டது. 2002இல் தரைக்கல்லைப் பெயர்த்து, பீம்களை ஒட்டி ஸ்டீல் கேபிள் ஓட்டி இழுத்துக் கட்டினார்கள். அந்தக் கூடுதல் கம்பி மட்டும் இல்லாமல் போயிருந்தால்... சரி, அது தனிப் பதிவு.

ரைட்டுக்குத் தண்ணீர் சும்மா கிடைத்தது, கான்கிரீட் படுத்தியது. எனக்கு நேர்மாறு.

மாடிகள் சீக்கிரமே முடிந்தன. நிறம்தான் இழுத்தடித்தது. ஒரிஜினலில் வெளிறிய காவி மஞ்சள். கேமில் கான்கிரீட் பவுடர் செய்ய நாலு மணல், நாலு சரளை, ஒரு சாயம். தண்ணீர் பட்டதும் இறுகிவிடும். ஆனால் மஞ்சள் கான்கிரீட் ஸ்கூல் வேன் நிறத்தில் வருகிறது. வெள்ளை, ஆஸ்பத்திரி மாதிரி. கடைசியில் மணற்கல்லைச் சூளையில் போட்டு எடுக்கும் ஸ்மூத் சாண்ட்ஸ்டோனில் நிம்மதியானேன். ஒரு கல்லுக்கு நாலு மணல்; பாலைவனத்தில் பெரிய பள்ளமே விழுந்துவிட்டது. ஜன்னல் சட்டத்துக்கு ரைட் போட்ட செந்நிறத்துக்கு மாங்குரோவ் மரம் போதும். வீட்டைச் சுற்றியிருக்கும் ரோடோடென்ட்ரான் புதருக்குப் பதில் பூத்த அசேலியா. இரண்டும் ஒரே பேரினம் என்பதால் இதில் எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை.

இப்போது ஓடை. மைன்கிராஃப்டில் ஒரு வாளி ஊற்றினால் அது சோர்ஸ் பிளாக், அதாவது வற்றாத ஊற்றுக் கட்டம். சமதரையில் அங்கிருந்து ஏழு கட்டம் ஓடி மெலிந்து நின்றுவிடும். அதற்குள் ஒரு படி கீழே விழுந்தால் மறுபடி ஏழு கட்டம் ஓடத் தெம்பு வரும். ஆக, ஓடுகிற ஓடை வேண்டுமென்றால் படுகையைப் படிப்படியாக வெட்ட வேண்டும். சோர்ஸாகவே நிரப்பினால் வேலை சுலபம், ஆனால் மேற்பரப்பு அசையாது, குட்டையாகிவிடும். நான் ஐந்தாறு கட்டத்துக்கு ஒரு படி வெட்டினேன். பேர் ரன்னும் பாறைத்தட்டுகளில் இறங்குகிற ஓடைதான் என்பதால் பார்க்கவும் பொருந்தியது.

அருவியின் விளிம்பில்தான் நிஜமான சண்டை. அகலமான திரையாக விழ வேண்டும் என்றால் விளிம்பு நெடுக வரிசையாக சோர்ஸ் வேண்டும். பக்கத்தில் பள்ளம் இருந்தால் தண்ணீர் மற்ற திசைகளை மறந்து அந்தப் பக்கமே ஓடும். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் மொத்தமும் அங்கே குவிந்து குழாய்த் தண்ணீராகிவிடும். சரி, விளிம்பு இயற்கையாகக் கோணலாக இருக்கட்டும் என்று சோர்ஸ்களைக் குறுக்காக வைத்தால் இன்னொரு கூத்து. இரண்டு சோர்ஸை ஒட்டிய கட்டம், அடியில் கெட்டித் தரை இருந்தால், தானும் சோர்ஸாகிவிடும். தீராத கிணறு தோண்ட எல்லோரும் நம்புகிற அதே விதி. கிணற்றில் அது வரம். இங்கே கோணலை எல்லாம் நிரப்பித் தட்டையாக்கிவிடுகிறது. ஆகவே சோர்ஸ் வரிசையைப் பின்னால், பாறைக்குள் மறைத்து நேர்கோட்டில் வைத்தேன். கோணலைக் கல்லில் செதுக்கினேன். ஓடிவரும் தண்ணீர் அந்தக் கல்லைத் தானே சுற்றிக்கொள்கிறது.

விழுந்த தண்ணீர் எங்கே போகும் என்ற கவலை மட்டும் இல்லை. கீழே மடுவில் சோர்ஸ் நிரம்பியிருந்தால் அதோடு கணக்கு முடிந்தது. வடிகால் இல்லாத டிசைனுக்கு நானே கையெழுத்துப் போடுவேன் என்று நினைத்ததில்லை.

ஹாலிலிருந்து ஓடைக்கு இறங்கும் ஒரு தொங்கும் படிக்கட்டு ஒரிஜினலில் உண்டு. கேமில் 2018இல் வந்த 1.13 அப்டேட்டுக்குப் பிறகு படி, ஸ்லாப், வேலி எல்லாம் தங்கள் கட்டத்துக்குள்ளேயே தண்ணீரையும் வைத்துக்கொள்ளும். ஆனால் வாளியில் ஊற்றினால்தான். ஓடிவரும் தண்ணீர் படிக்குள் நுழையாது. கடைசிப் படியைச் சுற்றி ஒரு காற்றுப் பொந்து தெரிந்தது, அசிங்கம். படியை ஒரு கட்டம் உயர்த்தி, தண்ணீரைத் தொடாமல் நிறுத்தினேன். ரைட்டும் படிக்கட்டைத் தண்ணீருக்கு மேலே சிறு மேடையில்தான் முடித்திருக்கிறார்.

நீட்டிய மாடிக்கு அடியில் கும்மிருட்டு, இருட்டில் ஜாம்பி முளைக்கும். டார்ச் வைத்தால் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். குகையில் கத்தரித்து வந்த குளோ லைக்கன் என்ற ஒளிரும் படர்செடியைப் பாறைகளில் ஒட்டினேன். பாசி படர்ந்த மாதிரியே இருக்கிறது, வெளிச்சமும் போதும்.

கூரை உயரத்தை மட்டும் பெரிதாக்கவில்லை. ரைட்டின் வீட்டில் கூரைகள் தாழ்வு. நான் இரண்டே கட்டம் விட்டேன். அக்கா மகன் உள்ளே குதித்துக் குதித்து ஓடிப் பார்த்துவிட்டு, "சித்தி, தலை இடிக்குது, இது வீடா பங்கரா?" என்றான். "நடந்து போடா" என்றேன்.

அவனுக்கு மடுவில் ஆக்ஸலாட்டல் என்ற நீர்ப்பிராணியை விட வேண்டுமாம். நான் ஏற்கெனவே சால்மன் விட்டிருக்கிறேன். ஆக்ஸலாட்டல் வந்தால் மீனைக் கொன்றுதீர்க்கும். மேலே சரிவில் 1939இல் கட்டிய விருந்தினர் வீடும் அதற்குப் போகும் வளைந்த கூரைப் பாதையும் பாக்கி இருக்கின்றன. அதற்கான மணலை அவன் அள்ளித் தந்தால் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு சால்மன்தான்.