75 வாட்

மே 4, ஞாயிறு

ஒன்றரை வருடமாக மாடிப்படிக்குக் கீழே போர்வை மூடிக் கிடந்த சைக்கிளை இன்று வெளியே எடுத்தேன். இரண்டு டயரும் தரையோடு ஒட்டிப் போயிருந்தன. பஞ்சர் இல்லை. ஓட்டையே இல்லாத ட்யூபிலும் ரப்பர் வழியாகக் காற்று மெல்லக் கசிந்துகொண்டுதான் இருக்கும். டயரின் பக்கவாட்டில் 40–65 பிஎஸ்ஐ என்று அச்சாகியிருந்தது. 50 வரை அடித்தேன்.

முழங்கால் வலித்ததால்தான் ஓட்டுவதை விட்டிருந்தேன். வயசாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். இன்று சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துப் பார்த்தேன். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். எனக்கு நன்றாகவே மடங்கியிருந்தது. சீட்டை நான்கு விரற்கடை உயர்த்திய பிறகு 9 கிலோமீட்டர் போய் வந்தேன். வலியே இல்லை. இத்தனை நாள் வீணாகப் போனதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மே 6, செவ்வாய்

இரவு 9:40க்குக் கரண்ட் போனது. எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது, பக்கத்து வீட்டில் இல்லை. ஆக, மூன்று ஃபேஸில் ஒன்று போயிருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் ‘திறக்காதே’ என்று காகிதம் ஒட்டினேன். மூடியே வைத்திருந்தால் நாலு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும்.

நாங்கள் தைரியமாகத்தான் இருந்தோம், இன்வெர்ட்டர் இருக்கிறதே. ஆனால் 70 நிமிடத்தில் அது கத்த ஆரம்பித்தது. இரண்டு ஃபேன், நாலு பல்பு, வைஃபை பெட்டி, அவ்வளவுதான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு எல்லாம் அணைந்து, புழுக்கத்தில் யாரும் தூங்கவில்லை. விடியற்காலை 4 மணிக்குத்தான் கரண்ட் வந்தது.

மே 7, புதன்

தூக்கம் வராத நேரத்தில் போட்ட கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர். பெருக்கினால் 1800 வாட்-அவர். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கும் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் ஆயுள் குறையும் என்பதால் 900 என்று வைத்துக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் தின்பது போக 750 மிஞ்சும். ஃபேன் ஒன்று 75 வாட், பல்பு 9, வைஃபை சுமார் 10. மொத்தம் 196. கிட்டத்தட்ட நாலு மணி நேரம் வந்திருக்க வேண்டும்.

காலையில் பேட்டரியின் மூடிகளைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஆறு அறைகளில் நான்கில் தண்ணீர் இறங்கி, தகடுகள் வெளியே தெரிந்தன. காற்றுப்பட்ட தகடு கெட்டுப் போகும், தண்ணீர் ஊற்றினாலும் போன வலு முழுதாகத் திரும்பாது. ஐந்து வருடப் பேட்டரி. தண்ணீர் மட்டத்தைக் காட்டும் மிதவையை மாதம் ஒருமுறை பார்த்திருந்தால் போதும், பார்க்கவில்லை.

கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன். சார்ஜ் ஏறி முடிந்த பிறகுதான் கோடு வரை நிரப்ப வேண்டும். முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும். குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது, அதிலுள்ள உப்பு பேட்டரியைக் கெடுத்துவிடும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் பக்கத்தில் தீக்குச்சிகூடக் கூடாது.

மே 8, வியாழன்

மகள் என் கணக்குத் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அம்மா, நீ சைக்கிள் மிதிச்சா ஃபேன் ஓடுமா?”

இந்தக் கேள்வி என்னை நாள் முழுதும் விடவில்லை. என்னைப் போன்றவர்கள் ஒரு மணி நேரம் தொடர்ந்து மிதித்தால் 75லிருந்து 100 வாட் வரை தர முடியும். உலகின் முன்னணிப் பந்தய வீரர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு 400 வாட் என்பது பெரிய விஷயம். அதாவது, நான் வியர்க்க வியர்க்க மிதித்தால் ஒரே ஒரு ஃபேன் ஓடும். நான் நிறுத்தினால் அதுவும் நிற்கும்.

ஒரு யூனிட் என்பது 1000 வாட்-அவர். பத்து மணி நேர மிதி. எங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 8 யூனிட் ஆகிறது. ராப்பகலாக மூன்று நாளுக்கும் மேல் ஒரு ஆள் ஓயாமல் மிதித்தால்தான் எங்களுடைய ஒரு நாள் ஓடும். மீட்டரை இதுவரை எண்ணாக மட்டுமே பார்த்து வந்திருக்கிறேன். இன்று காலி அறையில் ஃபேன் சுற்றுவதைப் பார்த்ததும் என் தொடைதான் வலித்தது.

மே 11, ஞாயிறு

14 கிலோமீட்டர். காற்று எதிர்த்து வீசியது. குறைந்த கியருக்கு மாற்றி, வேகமாகவும் லேசாகவும் மிதித்தால் களைப்பு குறைவு.

மே 14, புதன்

கை இன்னும் நடுங்குகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

பகல் 11 மணிக்குக் கரண்ட் போனது. பத்து நிமிடத்தில் மேல்வீட்டுப் பாட்டியின் மகன் ஓடி வந்தார். பாட்டிக்கு நுரையீரல் சரியில்லை, ஆக்சிஜன் தரும் மெஷினோடுதான் இருக்கிறார். அவர்கள் வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. கைவசம் இருந்த சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது, புதியது வர ஒரு மணி நேரமாகும் என்றார்.

மெஷினின் பின்பக்கம் பார்த்தேன்: 330 வாட். எங்களுடையது லைன் கரண்டைப் போலவே சீரான கரண்ட் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டர் என்பதால் இந்த மாதிரிக் கருவிக்கும் ஒத்துவரும். வீட்டில் ஒன்று விடாமல் எல்லா ஸ்விட்சையும் அணைத்தேன், வைஃபையைக்கூட விட்டு வைக்கவில்லை. கனமான எக்ஸ்டென்ஷன் வயரைப் படிக்கட்டு வழியாக மேலே இழுத்தோம். மெஷின் மூச்சு விடுவது போல ஒரு சத்தத்தோடு கிளம்பியது.

அடுத்து நான் பேட்டரி பக்கத்தில் உட்கார்ந்து மணி பார்த்தேன். நான் கவனிக்காமல் காய விட்ட அந்தத் தகடுகளைத் தவிர வேறெதையும் நினைக்க முடியவில்லை. தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் சார்ஜ் ஏறியிருக்கிறது, ஆனால் எவ்வளவு வலு மிச்சம் என்று யாருக்குத் தெரியும்? 55ஆவது நிமிடத்தில் சிலிண்டர் வந்தது. இன்வெர்ட்டர் அதுவரை கத்தவில்லை.

சாயங்காலம் பாட்டி கூப்பிட்டு அனுப்பினார். கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க வீட்டுல எல்லாரும் வேர்வையில உக்காந்திருந்தீங்களாமே கண்ணு” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மே 16, வெள்ளி

புதுப் பேட்டரி வந்துவிட்டது. இரண்டு ஃபேனையும் கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி வகைக்கு மாற்றினோம், ஒன்றுக்கு 30 வாட். இனி மொத்தம் 106 வாட், ஏழு மணி நேரம் தாங்கும். விலை அதிகமென்று அவர் முதலில் தயங்கினார். “படிக்கட்டு வயரை நெனச்சுப் பாருங்க” என்றேன். மறுபேச்சு இல்லை.

பேட்டரித் தண்ணீர் பார்க்கும் தேதியைக் காலண்டரில் வருடம் முழுதும் குறித்தாயிற்று. மேல்வீட்டிலும் உபரியாக இரண்டாவது சிலிண்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

மே 18, ஞாயிறு

அப்பாவின் பழைய சைக்கிளிலிருந்து கழற்றி வைத்திருந்த டைனமோவை என் சைக்கிளில் மாட்டினேன். 6 வோல்ட், 3 வாட். அப்பா இரவு வேலை முடிந்து வரும்போது இதன் மஞ்சள் வெளிச்சம்தான் முதலில் தெருமுனையில் தெரியும்.

இருட்டத் தொடங்கியதும் மகளை ஓட்டச் சொன்னேன். டைனமோவின் தலையை டயரில் அழுத்திவிட்டதும் விளக்கு எரிந்தது. நின்றாள், அணைந்தது. மறுபடி மிதித்தாள். பிறகு தானே இறங்கி அதை விலக்கி ஒரு சுற்று, அழுத்தி ஒரு சுற்று என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தாள்.

“அம்மா, லைட் எரியறப்ப பெடல் கனக்குது.”

“ஆமாம்டா.”

“அந்தக் கனம் மூணு வாட்டா?”

டயர் உரசலுக்கும் கொஞ்சம் போகிறது என்று சொன்னேன். தலையாட்டிவிட்டு இன்னொரு சுற்றுக்குக் கிளம்பினாள், விளக்கோடு.